ஸ்டெல்லாவிடம் கேட்காமல் போட்ட லினக்ஸ்

ஜூலை 12, சனி. ஆவடி குவார்ட்டர்ஸ்.

உடம்பு அசதி. தூக்கமும் வரவில்லை. பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனதால், பாகம் பாகமாக வாங்கி நானே ஒன்றைக் கோத்தேன். விண்டோஸா லினக்ஸா என்று ஒரு வாரம் மண்டையைக் குழப்பிக்கொண்டு இன்று மதியம் லினக்ஸ் போட்டேன். வைரஸ் தொல்லை இருக்காது, திருட்டுக் காப்பியும் வேண்டியதில்லை. ஷிஃப்டில் ஆளாளுக்கு யோசனை கேட்டேன். வீட்டில் மனைவி ஸ்டெல்லாவிடம் மட்டும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் நாளைய ஆராதனைக்குப் பாட்டுத்தாள் அடிக்க உட்கார்ந்தாள். அவளுடைய பழைய தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் இதில் ஏறவில்லை.

“இன்னாங்க, தமிழே வரமாட்டேங்குது?”

“இதுல வேற தமிழ் கீபோர்டு கீது. பழகிட்டா ஈஸி.”

“டைப்ரைட்டிங் கிளாஸ்ல பழகின விரலுங்க. இனிமே எங்க போயி மாத்துறது?”

நெட்டில் தேடினால் ஏதாவது வழி இருக்கும். தேடத் தெம்பில்லை. திரும்ப விண்டோஸ் போடலாம், நாளைக்குள் முடியுமா தெரியவில்லை.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. கீபோர்டைச் சுவரோரம் தள்ளிவிட்டு, அதே மேசையில் வெள்ளைத்தாளை வைத்துக் கையால் எழுத ஆரம்பித்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். சீக்கிரம் முடியட்டுமே என்று கொஞ்சம் வேகமாகவே படித்துவிட்டேன் போல.

“மெதுவா சொல்லுங்க. என் கை இன்னா மிஷினா?”

மேசைக்கடியில் புதுக் கம்ப்யூட்டரின் கேபினெட் ஃபேன் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல ஃபேன். அதைத் தேர்ந்தெடுக்கவும் எனக்கு ஒரு வாரம் ஆனது.