இரண்டு பனைமரங்களும் பன்னிரண்டு சென்ட்டும்

ஜூன் 9, 2025 – திங்கள்

பக்ரீத் கறி இன்னும் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. "ராத்திரிக்கும் அதான், மூஞ்சி சுளிக்காதீங்க" என்று ஹமீதா காலையிலேயே சொல்லிவிட்டாள். சுளிக்கவில்லை.

பதினோரு மணிக்குத் தாலுகா ஆபீஸ் எதிரே டீ. அனுமந்தை அமராவதி வந்து நின்றாள். முப்பது வருஷமாக உப்பு வாருகிறவள். கையில் ஒரு நோட்டீஸ். அவள் குடியிருக்கும் பன்னிரண்டு சென்ட் மனை சொந்தமா, புறம்போக்கா என்று ஜூலை 4-ம் தேதி விசாரணை. பத்திரம் காட்டாவிட்டால் அரசு நிலம் என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

"ஃபைலைக் காட்டச் சொன்னேன் பாய். அதுல ஒரு பழைய பேப்பர் செய்திய ஒட்டி வச்சிருக்காங்க. யாரு எழுதினதுன்னு கேட்டேன். உங்க பேரச் சொன்னாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எப்போது என்று விசாரிப்பதுபோல் சொன்னாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

ஜூன் 10

பரணில் இருந்து 1998 நோட்டுகளை இறக்கினேன். நிருபராக இருந்தபோது நான் எழுதிய செய்தி இதுதான்: "அனுமந்தையில் உப்பளத்தை ஒட்டிய பன்னிரண்டு சென்ட் நிலத்தில் கொளஞ்சி என்பவர் குடும்பத்துடன் வசித்து வருகிறார். இந்த இடத்துக்குப் பத்திரம் எதுவும் பதிவாகவில்லை என்பது வில்லங்கச் சான்றில் தெரியவந்துள்ளது."

கொளஞ்சி அமராவதியின் மாமனார். இப்போது இல்லை. அவர் சொன்னதும் நோட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: "பத்திரம் இருந்துச்சு, புயல்ல போயிடுச்சு." செய்தியில் இது வரவில்லை. பத்திரிகை டெஸ்கில் வெட்டவில்லை, நானே விட்டேன். பத்திரம் இல்லாத எல்லாருமே புயலைத்தான் சொல்வார்கள் என்று நினைத்திருப்பேன்.

என்ன நினைச்சேன்னு இப்ப எப்படித் தெரியும்? எழுதி வைக்கலியே. ஒரு வரி — அந்த ஒரு வரியைப் போட்டிருந்தா என்ன கெட்டுப் போயிருக்கும்?

ஜூன் 12

அமராவதியோடு பத்திர ஆபீஸ் போனேன். கம்ப்யூட்டரில் 1975-க்குப் பிறகுதான் இருக்கிறது. அதற்கு முந்தையதைக் கையெழுத்துப் பதிவேடுகளில் தேட வேண்டும். பணம் கட்டி, 1960 முதல் தேடச் சொன்னோம். அனுமந்தை கிராமத்துப் பக்கங்கள் முழுக்கப் பார்த்தார்கள். கொளஞ்சி பெயரில் எதுவும் இல்லை. 1998-ல் எனக்குக் கிடைத்த அதே பதில்.

பஸ் ஸ்டாப்பில் அமராவதி சிரித்தாள். "எங்க மாமனாருக்கு ராசியே அவ்ளோதான் பாய். மனை வாங்கப் போனவரு தலையில பிரம்மதேசத்துல ரெண்டு பன மரத்தையும் கட்டி அனுப்பிட்டாங்களாம். எங்க மாமியா சாவுற வரைக்கும் சொல்லிக் காட்டும். 'அனுமந்தையில இல்லாத பன மரமா, அத வாங்க பிரம்மதேசம் போன ஆளு'ன்னு. அந்த மரம் எதுன்னு கூட எங்களுக்குத் தெரியாது. ஒரு நுங்கு தின்னதில்ல."

பஸ் வந்துவிட்டது.

ஜூன் 13

ரெண்டு பனைமரம். எதற்கு?

ஜூன் 15 – ஞாயிறு

மீன் அலசிக்கொண்டிருந்த ஹமீதாவிடம் சொன்னேன். "யாராவது சும்மா மரம் வாங்குவாங்களா? மரம் வேணும்னு வாங்கிருக்க மாட்டாரு, வேற எதுக்கோ வாங்கிருப்பாரு" என்றாள். சொல்லிவிட்டு மீன் வேலையைப் பார்த்தாள்.

அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷம் நிருபராக இருந்தவனுக்கு இத்தனை நேரம்.

சொத்தின் ஒரு துண்டு எந்த ஆபீஸ் எல்லையில் இருக்கிறதோ, முழுப் பத்திரத்தையும் அங்கேயே பதியலாம் என்பது அந்தக் காலத்து வழக்கம். தெரிந்த பத்திர எழுத்தர் அங்கே இருப்பார். அல்லது இந்த ஆபீஸில் அன்றைக்கு அதிகாரி இருக்க மாட்டார். நல்ல நாள் தவறக் கூடாது. அதனால் அந்த எல்லைக்குள் ஒரு மரத்தடியைச் சேர்த்து எழுதிவிடுவார்கள். அனுமந்தை மனை பிரம்மதேசத்துப் பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு வேறு ஆபீஸுக்குப் போயிருக்கிறது. நாங்கள் தப்பான அலமாரியில் தேடியிருக்கிறோம்.

ஜூன் 19 – வியாழன்

பிரம்மதேசம் அன்று எந்த ஆபீஸின் கீழ் இருந்தது என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள். அந்த ஆபீஸ் இப்போது இல்லை, இன்னொன்றோடு சேர்ந்துவிட்டது. அதன் பழைய பதிவேடுகளைப் பார்த்துக்கொள்பவர் பூங்குழலி. முப்பது வயசு இருக்கும். முகத்தில் மாஸ்க், கையில் துணி. புத்தகத்தைத் திறக்குமுன் ஒரு தடவை துடைக்கிறார், மூடுமுன் ஒரு தடவை.

"கிராமம் சொல்லுங்க."

"பிரம்மதேசம்."

"அனுமந்தைன்னு மனுவுல இருக்குது?"

"வீடு அனுமந்தை. தேடுறது பிரம்மதேசம்."

மாஸ்க்குக்கு மேலே புருவம் மட்டும் உயர்ந்தது. தேடினார். 1969, 1970. 1971-ல் விரல் நின்றது.

ஆவணம் 614. வாங்கியவர் கொளஞ்சி, அனுமந்தை. முதல் அயிட்டம்: அனுமந்தையில் பன்னிரண்டு சென்ட் மனை. இரண்டாவது அயிட்டம்: பிரம்மதேசத்தில் கால் சென்ட்டும் அதில் நிற்கும் பனைமரம் இரண்டும்.

கூட வந்திருந்த அமராவதிக்குப் படிக்கத் தெரியும், ஆனால் அந்தக் கூட்டெழுத்து பிடிபடவில்லை. நான் படித்தேன். "இன்னொரு தபா படிங்க" என்றாள். படித்தேன். கொளஞ்சி பெயர் இருந்த இடத்தைத் தொடப் போனாள். பூங்குழலி, "கை படக் கூடாதும்மா" என்றார். பிறகு அவரே, "சரி, லேசா" என்றார்.

பக்கத்தின் அடியில் இரண்டு சுருக்கொப்பம். ஒருவர் மூலப் பத்திரத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் நகலைச் சரிபார்த்திருக்கிறார். வெறும் இரண்டு மரத்துக்குக்கூட அப்படித்தான். 1998-ல் என் செய்தியை யார் யாருக்குப் படித்துக் காட்டினோம்?

இங்கே பதிந்தால், மனை இருக்கும் எல்லையின் ஆபீஸுக்கு ஒரு குறிப்பு அனுப்ப வேண்டும். அது எந்த இடத்தில் நின்றுபோனது என்று பூங்குழலிக்கும் தெரியவில்லை. ஐம்பத்து நாலு வருஷம். விட்டுவிட்டேன்.

ஜூன் 24

முத்திரை வைத்த நகல் கிடைத்தது. மூன்று பக்கம். அமராவதி அதை லேமினேஷன் பண்ணப் போனாள். தடுத்தேன்.

ஜூலை 4 – வெள்ளி

விசாரணை பத்து நிமிஷம்தான். அதிகாரி நகலைப் படித்தார், எல்லைகளைச் சர்வேயரிடம் கேட்டார். பிறகு ஃபைலில் என் செய்தியைத் திருப்பிப் பார்த்து, "இதுல பத்திரம் இல்லன்னு போட்டிருக்கே?" என்றார்.

"நான்தாங்க எழுதினேன். தப்பு" என்றேன்.

இந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லை. சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. உத்தரவு தபாலில் வரும் என்றார்.

வெளியே வந்ததும் அமராவதி, "அத அங்க சொன்னீங்க, சரி. பேப்பர்ல எப்ப போடுவீங்க?" என்றாள்.

ஜூலை 5

திருத்தம் போடச் சொல்லி டெஸ்குக்குப் போன் செய்தேன். தவுசீப் என்ற பையன், என்னை நேரில் பார்த்ததில்லை. "சார், இருவத்தேழு வருஷம் ஆச்சு. யார் ஞாபகம் வச்சிருக்கப் போறாங்க?"

"தாலுகா ஆபீஸ் ஃபைல்" என்றேன்.

"அனுப்புங்க சார்."

ஐந்து வரி எழுதினேன். ஹமீதாவை உட்காரவைத்து உரக்கப் படித்தேன். "கொளஞ்சி சொன்னத இப்பவும் காணோமே" என்றாள். சேர்த்தேன். ஆறு வரி.

ஜூலை 8

ஏழாம் பக்கம், கீழே. ஆறு வரியும் வந்திருக்கிறது.

ஜூலை 14 – திங்கள்

உத்தரவு வந்துவிட்டதாக அமராவதி போன். மனை கொளஞ்சி வாரிசுகளுடையது. பட்டாவுக்கு மனு போடலாம். பேப்பரை வெட்டிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்கும் போயிருக்கிறாள். பழைய செய்திக்கு அடுத்த பக்கமாக ஒட்டும்வரை நகரவில்லையாம். "ஒட்டின பசை காயற வரைக்கும் நின்னேன் பாய்."

ஜூலை 15

மதியம் வாசலில் ஒரு சாக்கு. உள்ளே நுங்கு. சீசன் முடியப் போகிறது, கொஞ்சம் முற்றல். அமராவதி மகன் நகலில் இருந்த சர்வே நம்பரை வைத்து மரத்தைக் கண்டுபிடித்துவிட்டானாம். ஒன்று எப்போதோ விழுந்துவிட்டது. ஒன்று நிற்கிறது, காய்க்கிறது. இத்தனை வருஷம் யார் யாரோ தின்றிருக்கிறார்கள்.

ஹமீதா அரிவாள்மணையோடு உட்கார்ந்தாள். "எங்க நுங்குங்க இது?"

"அனுமந்தை அமராவதியோடது. ஆவணம் 614, வருஷம் 1971, இரண்டாவது அயிட்டம்."

"நுங்குன்னா நுங்குன்னு சொல்லுங்க" என்று ஒன்றைச் சீவி நீட்டினாள். முற்றல்தான். நாலு தின்றேன்.