துளசியின் மேட்சும் என் விரதமும்

நவம்பர் 11, சனி

காலையில் கொஞ்சம் பனி. நிலத்தில் நிற்கவில்லை, கார்க் கண்ணாடியில் மட்டும். திங்கள் கந்தசஷ்டி தொடக்கம். வீடு கழுவ வேண்டும். பிரிட்ஜில் கிடக்கிற மீனும் இறைச்சியும் நாளைக்குள் முடிய வேண்டும். அந்த வேலையை இவர் பார்த்துக்கொள்வார், சொல்லத் தேவையில்லை.

வாங்க: பால், வாழைப்பழம், கற்பூரம், லீக்ஸ், உருளைக்கிழங்கு.

கடையில் ஒரு மனுஷி பிடித்துக்கொண்டா. இரண்டு வருஷமாக அதே கேள்வி. “இஞ்ச இவ்வளவு கம்பஸ் இருக்க, பிள்ளையை ஏன் அமெரிக்காவில கறுப்பாக்களின்ர கொலிச்சுக்கு விட்டனீங்கள்?” மேளம் அடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் தந்தது அவர்கள்தான் என்று நானும் இரண்டு வருஷமாகச் சொல்கிறேன். நாங்கள் என்னவோ வெள்ளைக்காரர் மாதிரித்தான் கேட்கிறா.

பின்னேரம் துளசி போன் எடுத்தாள். வாற சனி அவர்களின் பெரிய மேட்ச். அதே மாநிலத்தில் இன்னொரு கல்லூரியோடு, வருஷத்துக்கு ஒருமுறை. புட்போல் என்கிறார்கள், பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். இவளின் பாண்ட் வாத்தியக் குழு இடைவேளையில் இறங்கும்.

“இந்த முறையாவது வாங்கோ அம்மா. வருஷத்துக்கு ஒருக்கா வாற மேட்ச்.”

“சனிக்கிழமை சூரன் போர். அதுவும் வருஷத்துக்கு ஒருக்காத்தான் வருது.”

“ஓகே. மிஸ் இவோன் இருப்பா” என்றாள்.

இவோன் என்றால் இவளோடு அறையில் இருக்கிற கேய்லாவின் தாய். இந்த வீட்டில் முருகன் பெயரை விட அந்தப் பெயர்தான் கூடக் கேட்கிறது.

நவம்பர் 12, ஞாயிறு

வீடு கழுவியாயிற்று. முதுகு பிடித்துவிட்டது. வெயில், ஆனால் காற்று.

து.வின் வரலாற்று வகுப்புக்கு ஒரு கட்டுரை. இந்த மேட்ச் எப்படித் தொடங்கியது, எப்படி இவ்வளவு காலம் நின்றுபிடித்தது என்று. தகவல் தருவது யார்? இவோன். மணிக்கணக்கில் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். அதை வொய்ஸ் மெசேஜாகத் தகப்பனுக்கு அனுப்ப, இவர் குசினியில் சத்தமாகப் போட்டுக் கேட்கிறார். நான் கேட்கவில்லை. ஆனால் காதை மூட முடியாதே.

அடிமைத்தனம் முடிந்த பிறகு, வெள்ளைக்காரர் தங்கள் கல்லூரிகளுக்குள் விடாததால் எழும்பிய கல்லூரிகளாம் இரண்டும். முதலில் சந்தைத் திடல் ஒன்றில்தான் விளையாட்டு. நகரத்துப் பெரிய மைதானம் தரமாட்டார்கள். பிறகு தந்தபோதும் தங்களுக்குத் தேவையில்லாத நாளில்தான். சனம் சேர்ச்சுக்குப் போகிற உடுப்போடு, தொப்பியோடு, ரயிலில் வந்து இறங்குமாம். சாப்பாட்டுக் கடையில் கதிரை இல்லை, ஹோட்டலில் அறை இல்லை. அதனால் அந்த ஊர்க் கறுப்புச் சனம் தங்கள் வீட்டுக் கதவுகளைத் திறந்துவிட்டதாம். இவோனின் தாய்வீட்டில் மேட்ச் நேரம் முன்பின் தெரியாத ஆட்கள் நிலத்தில் வரிசையாகப் படுத்திருப்பார்களாம். இன்றைக்கும் மைதானத்துக்கு வெளியே கூடாரம் அடித்து, போகிற வருகிற எல்லாருக்கும் தட்டு நீட்டுகிறார்கள். சாப்பிடாமல் ஒருத்தரும் தாண்டக் கூடாது.

இவர் கண் கலங்கினார். “ஊரில வெட்டுப்புள்ளியைக் கூட்டி எங்கட பிள்ளையளையும் கம்பசுக்குள்ள விடாமல் வெட்டினவங்கள்தானே. எங்களுக்கு விளங்காட்டி ஆருக்கு விளங்கும்?”

எனக்கும் விளங்குகிறது. ஆனால் இருபது வயதாகியும் என் மகள் ஒரு மணித்தியாலம் என் பக்கத்தில் இருந்து, நீங்கள் எப்படி இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டதில்லை. வைஃபை ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டிருக்கிறாள்.

நவம்பர் 13, திங்கள்

விரதம் தொடங்கியது. காலையில் பாலும் பழமும். இனி நாளைக்கு.

டோர்வல் விமான நிலையச் சமையலில் இன்றைக்குக் கோழி. பறக்கிறவர்களுக்குத் தட்டு அடுக்குகிற நான் பட்டினி. பக்கத்தில் நிற்கிற பிள்ளை பிரெஞ்சில் சுகமில்லையா என்று கேட்டாள். சாமி என்று மேலே காட்டினேன். விமானத்தைக் காட்டுகிறேன் என்று நினைத்திருப்பாள்.

மத்தியானம் தலைவலி. பின்னேரம் கோயில். நல்ல சனம்.

நவம்பர் 15, புதன்

குளிர். நேற்று எழுதவில்லை, களைப்பு.

கேய்லா ஒரு படம் போட்டிருக்கிறாள். இவோன் கதிரையில், து. கீழே நிலத்தில், இவோனின் முழங்கால்களுக்கு நடுவில். தலை பின்னிவிடுகிறா. சின்னச் சின்னப் பின்னல், மண்டையோடு ஒட்ட. து. கண்ணை மூடிக்கொண்டு பூனை மாதிரி இருக்கிறாள்.

பத்து வயதுக்குப் பிறகு என்னைத் தலை தொட விட்டதில்லை. எண்ணெய் வைக்க வா என்றால் “மணக்கும் அம்மா” என்பாள். இப்போது மட்டும் மணக்கவில்லையாக்கும்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்தேன். பொறாமை. வேறு பெயர் வைத்து என்ன செய்ய? விரதத்தில் இருந்துகொண்டு இப்படிப் புழுங்குகிறேன். வேலும் மயிலும் துணை என்று சொல்லிக்கொண்டே அந்த மனுஷியின் விரல்களைப் பார்க்கிறேன்.

நல்ல வடிவாகப் பின்னியிருக்கிறா. அதுவும் எரிச்சல்.

நவம்பர் 16, வியாழன்

வேலைக்குப் போகவில்லை, லீவு எடுத்தேன். விரதம் நாலாம் நாள், நின்று வேலை செய்ய முடியாது.

குசினி வானொலியில் இவோன் தொடர்கிறா. இவோனின் தகப்பன் அந்த மேட்சில் விளையாடி முழங்காலை உடைத்தவராம். இவோனும் அதே கல்லூரி, அதே பாண்ட். மேளம் அடிக்கத்தான் ஆசை. பெட்டைக்கு மேளமா என்று சிரித்து, கையில் கிளாரினெட்டைக் கொடுத்துவிட்டார்களாம். பிறகு பெரிய பெரிய வெள்ளைக்கார யூனிவர்சிட்டிகள் கதவைத் திறந்து நல்ல விளையாட்டுக்காரரையெல்லாம் இழுத்துக்கொண்டு போக, இந்த மேட்ச் படுத்துவிடும் என்று எல்லாரும் சொன்னார்களாம். படுக்கவில்லை. பாண்டுக்காகவே சனம் வந்தது. இடைவேளைக்கு ஒருத்தரும் எழும்பமாட்டார்கள், ஆட்டம் நடக்கும்போதுதான் டொய்லெட்டுக்குப் போவார்களாம்.

இப்போது விளங்குகிறது. தன்னை அடிக்க விடாத மேளத்தை என் பிள்ளையின் தோளில் பார்க்கிறா. அதற்குத்தான் இவ்வளவு உருக்கம். ஆசைப்பட்டால் கேய்லாவுக்குப் பழக்கியிருக்கலாமே. கேய்லாவுக்குத் தாளம் வராதாம்.

இவர் நாளைக்கு ஃபிளைட் போட்டுவிட்டார். என்னிடம் கேட்காமல். “நீயும் வாவன். விரதத்தை அங்கயும் பிடிக்கலாம்.”

சூரன் போர் அங்கே எங்கே நடக்கும் என்று கேட்டேன். ஒரு வருஷமும் நான் தவறவிட்டதில்லை. அது உண்மை. ஆனால் முழு உண்மை இல்லை. அந்தக் கூடாரத்துக்குள் நான் விருந்தாளியாகப் போய் நிற்க, இவோன் என் மகளை எனக்கு அறிமுகம் செய்து வைப்பா. அதைப் பார்க்க என்னால் முடியாது.

நவம்பர் 17, வெள்ளி

விடிய எழும்பி ரோல்ஸ் சுற்றினேன். மரக்கறிதான், விரத வீட்டில் வேறென்ன. உப்புப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. கூடாரத்தில் கொடுக்கச் சொன்னேன். வெறுங்கையோடு போனாரென்று இருக்கக் கூடாது. இவோனின் சமையலுக்குப் பக்கத்தில் என்னுடையதும் இருக்கட்டும்.

இவருக்கு மூன்று தரம் சொன்னேன்: நாளைக்கு உங்களுக்கும் முழு விரதம். ஓம் ஓம் என்றபடி செக்யூரிட்டிக்குள் போனார்.

வீடு வெறிச்சென்று கிடக்கிறது. கந்தபுராணம் வாசித்தேன், மனம் நிற்கவில்லை.

நவம்பர் 18, சனி. சூரன் போர்

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுத வேண்டும்.

காலை து. ஒரு படம் அனுப்பினாள். கூடாரம், புகை, நடுவில் இவர். கையில் தட்டு. தட்டில் பன்றி விலா. சூரன் போரன்று! வாயைச் சுற்றிச் சிவப்பாகக் குழம்பு.

உடனே எடுத்தேன். பிடி பிடியென்று பிடித்தேன். “அவ நீட்டின தட்டை எப்பிடியப்பா வேண்டாமெண்டுறது?” என்கிறார். பக்கத்தில் என்ன பிரச்சினை என்று ஒரு குரல். மனைவி விரதம், நானும் விரதம், மறந்து சாப்பிட்டுவிட்டேன் என்று இவர் இங்கிலிஷில் ஒப்பிக்கிறார். அடுத்த நிமிஷம் போனில் இவோனின் முகம். பெரிய தொப்பி.

முதலில் மன்னிப்புக் கேட்டா. பிறகு போனை எடுத்துக்கொண்டு சத்தமில்லாத பக்கமாக, ஒரு காருக்குள் போய் இருந்தா. என்ன விரதம் என்று கேட்டா. சொன்னேன். எவ்வளவு காலமாக? பதினெட்டு வயதிலிருந்து. ஏன் தொடங்கினாய்?

ஏன் என்று இதுவரை ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் ஆட்களுக்குக் கேட்க என்ன இருக்கிறது, எல்லாரும்தான் பிடிக்கிறார்கள்.

என் ஓட்டை இங்கிலிஷில் சொன்னேன். அதற்கு முதல் வருஷம் விரதம் பிடித்தது அம்மா, நான் இல்லை. விரதம் முடித்துப் பாறணை செய்த அன்று பின்னேரம், ஆமி வருகிறதென்று ஊரே எழும்பி ஓட வேண்டி வந்தது. மழை. நாவற்குழிப் பாலத்தில் அடி வைக்க இடமில்லாமல் சனம். தங்கச்சிக்கு ஒன்பது வயது, என் கையில் இருந்தாள். எப்படி விட்டேனோ, கையைப் பார்த்தால் கை வெறும் கை. அந்த இரவு முழுக்க முருகனோடு பேரம் பேசினேன். கிடைத்தால் சாகும் வரை உன் விரதம். விடிந்த பிறகு சாவகச்சேரியில் ஒரு மதிலோரம் இருந்தாள்.

இவருக்கே இது பாதிதான் தெரியும். தங்கச்சி லண்டனில் நன்றாக இருக்கிறாள், நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை.

இவோன் ஐயோ பாவம் என்றிருந்தால் நான் போனை வைத்திருப்பேன். அப்படிச் சொல்லவில்லை, ஒன்றே ஒன்று கேட்டா.

“அந்தப் பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்தது யார்?”

ஒரு மனுஷி. பணிஸ் ஒன்றைப் பிய்த்துப் பாதியைத் தங்கச்சிக்கும் மற்றப் பாதியைத் தன் பிள்ளைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தா. தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன், பெயர் கேட்கவில்லை. இத்தனை வருஷம் முருகனுக்கு விரதம் பிடித்தேன், அந்த மனுஷியை ஒரு நாள் நினைக்கவில்லை. போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இவோனும் அழுதா, கண் மையெல்லாம் கரைந்தது. என் ரோல்ஸ் முடிந்துவிட்டதாம். உப்புத் தூக்கலாம், பரவாயில்லையாம்.

நல்ல மனுஷி. வெறுக்கவும் முடியாதது பெரிய தொந்தரவு.

பிறகு ரிவியில் மேட்ச் பார்த்தேன். ஆட்டம் ஒன்றும் விளங்கவில்லை. இடைவேளையில் பாண்ட் இறங்கியது. சொன்னது சரி, ஒருத்தரும் எழும்பவில்லை. மேளக்காரர் வரிசையில் என் பிள்ளை, கழுத்தை நிமிர்த்தி, அந்தப் பின்னலோடு. கமரா அவளிடம் வந்து போய்விட்டது. தனியே இருந்து கை தட்டினேன்.

கோயிலுக்குப் போக நேரமாகிவிட்டது, ஓடிப் போனேன். சூரன் தலை மாற்றி மாற்றி வந்தான், மேளம் முழங்கியது. யார் வென்றது என்று து.விடம் கேட்க மறந்துவிட்டேன். இங்கே அந்தப் பிரச்சினை இல்லை.

நவம்பர் 19, ஞாயிறு

பாறணை. சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய், பாயசம். ஆறு நாளுக்குப் பிறகு இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. வெளியே இருட்டிக்கொண்டு நிற்கிறது, இன்றைக்குப் பனி கொட்டும்.

இவர் ராத்திரி வந்து சேருவார். இன்னும் மன்னிக்கவில்லை.

சோறு இறக்கும்போது து. எடுத்தாள். வென்றார்களாம். அதைச் சொல்ல எடுக்கவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

“மிஸ் இவோன் சொன்னவா. பாலம், சித்தி, உங்கட விரதம், எல்லாம். அவவுக்குச் சொல்லியிருக்கிறீங்கள். எனக்கு ஏன் அம்மா சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லை.”

“நான் உங்கட மகள். அவவுக்கு முதல் எனக்கெல்லோ சொல்லியிருக்க வேணும்.”

எனக்குத் தெரியாத குரலா? ஒரு கிழமையாக என் வயிற்றுக்குள் கத்திக்கொண்டிருந்த குரல். என் பிள்ளைக்கு இவோன் மேல் பொறாமை. என்னை வைத்துப் பொறாமை! அவள் அழப் பார்க்கிறாள், எனக்கு இங்கே சிரிப்பு வருகிறது. இரக்கமில்லாத தாய். ஆனால் எவ்வளவு சந்தோஷம்.

அடுப்பில் பாயசம், பேந்து எடு என்றேன். நாலு மணிக்கு எடுக்கிறேன், முதலிலிருந்து எல்லாம் சொல்ல வேண்டும், ரெக்கோட் பண்ணப் போகிறேன் என்றாள். இவோனிடமும் அப்படித்தானாம்.

பாத்திரம் கழுவி, தலை இழுத்துச் சீவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு இருக்கிறேன். வீடியோவில் எடுப்பாளோ தெரியாது. எங்கே தொடங்குவது? அம்மாவிலிருந்தா, மழையிலிருந்தா? இவோனுக்குச் சொல்லாத ஏதாவது ஒன்றை முதலில் சொல்ல வேண்டும். அவளுக்கு மட்டும் என்று ஒன்று.

மூன்றரைதான் ஆகிறது. போன் அடிக்கிறது.