இரட்டித்த எழுத்தை விழுங்கிய குரல்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சுகமாக இருக்க வேண்டும். உன் சித்தப்பா பல்லைப் பிடுங்கிக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார், சித்திக்கு ஒரே நிம்மதி. அம்மாவின் கணினியை அங்கிருந்தே திறந்து, வாசித்துக் காட்டும் மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டுத் தருகிறேன் என்று நீ சொன்னதும் அவள் பட்டென்று போனை வைத்துவிட்டாள் என வருத்தப்பட்டிருந்தாய். கோபம் இல்லையம்மா, பிடிவாதம். நடந்ததை முழுக்கச் சொல்கிறேன்.

பார்வை மங்கிய பிறகு அவள் பதிப்பகத்துப் புத்தகங்களைக் காதால் கேட்டுத்தான் பிழை திருத்துகிறாள், எழுத்தை வாசித்துக் காட்டும் அந்த இலவச மென்பொருளை நம்பித்தான் அவள் பிழைப்பே. போன மாதம் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டதிலிருந்து இரட்டித்து வரும் எழுத்தில் ஒன்றை விழுங்க ஆரம்பித்தது. பானையில் ஓட்டை என்று இருந்தால் பானையில் ஓடை என்கிறது, சுவரில் பல்லி சுவரில் பலி ஆகிவிட்டது. நான் சிரித்தேன், அவள் சிரிக்கவில்லை. தப்பு அச்சிலா குரலிலா என்று தெரியாமல் எதைத் திருத்துவது? அவள் திருத்திய இரண்டு அத்தியாயங்களைப் பார்த்த மேலாளர், "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கம்மா, இதை வேற ஆள்கிட்ட குடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டார். அன்று அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த மென்பொருளைச் செய்கிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் பேசிக்கொள்ளும் இணையக் குழுமத்தில் உடனே எழுதினாள். தலைப்பு, அவசரம் யாராவது உதவுங்கள். உள்ளே முழுக்கப் புலம்பல், இன்னும் சூடாக எழுது என்று பக்கத்தில் உட்கார்ந்து தூபம் போட்டது நான்தான். இரண்டு நாள் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை, அப்புறம் இரண்டு பதில் வந்தது. ஆந்தை என்ற பெயரில் எழுதும் ஒருவர், எந்தப் பதிப்பு, எந்தக் குரல், எந்தச் சொல் என்று சொல்லாமல் அழுதால் யாருக்கு என்ன புரியும் என்று கேட்டிருந்தார். இன்னொருவன், கண் தெரியாதவர்களுக்குப் பிழை திருத்தும் வேலை எதற்கு என்று எழுதியிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது, அவனைக் கிழி கிழியென்று கிழித்து ஒரு பதில் தட்டிவிட்டேன். அனுப்புவதற்குள் கணினி அதையும் அவளுக்கு வாசித்துக் காட்டித் தொலைத்தது. "அழிங்க அதை. அனுப்பினா எல்லாரும் உங்க சண்டையைத்தான் வேடிக்கை பார்ப்பாங்க. அவன் என்னைப் பத்திப் பேசறான், ஆந்தை வேலையைப் பத்திப் பேசறார். எனக்கு வேலைதான் வேணும்" என்றாள். அழித்தேன். அவன் எழுதியதைப் பற்றிக் குழும நிர்வாகிகளுக்கு ஒரே வரி எழுதிவிட்டு அவனை மறந்துவிட்டாள், அவர்கள் அதை நீக்கினார்கள்.

பிறகு மதியம் முழுக்க உட்கார்ந்து மறுபடி எழுதினாள். புதிய பதிப்பில் தமிழ்க் குரல் இரட்டித்த மெய்யை விழுங்குகிறது, இதுதான் தலைப்பு. என்ன சொற்களைக் கொடுத்தாள், என்ன கேட்க வேண்டும், என்ன கேட்கிறது, வேறு குரலில் எப்படி, பதிப்பு எண் என்ன, எல்லாம் வரிசையாக. நான் சேர்க்கச் சொன்ன பெருமூச்சுகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். முதலில் விவரமில்லாமல் எழுதியதற்கு வருந்துகிறேன் என்று ஆந்தைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். அன்று சாயங்காலமே ஆந்தை, "என் கணினியிலும் அப்படித்தான் வருகிறது, உங்கள் கணினியில் எதையும் மாற்றாமல் வையுங்கள், சோதித்துச் சொல்ல நீங்கள் வேண்டும்" என்று எழுதினார். சரியாக அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். "பழசைப் போட்டா எனக்கு மட்டும் சரியாயிடும். காதால படிக்கற மத்தவங்க பலியைக் கேட்டுட்டே இருக்கணுமா?" என்று என்னிடம் பொரிந்தாள். உன்னிடம் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் அம்மாவை உனக்குத் தெரியாதா.

அவர் திருத்தி அனுப்பும் மென்பொருளை இவள் ஓடவிட்டுக் கேட்பாள், எது சரியாயிற்று, எது ஆகவில்லை என்று எழுதுவாள், நன்றி சொல்வாள், அவர் மறுபடி அனுப்புவார். போன வெள்ளிக்கிழமை ஓட்டை ஓட்டையாகவே கேட்டது. எப்படிச் சரியானது என்பதையும் அடுத்து வருகிறவர்களுக்காக எழுதி வைத்தாள். திங்களன்று கணினியைத் தூக்கிக்கொண்டு என்னோடு பதிப்பகத்துக்குப் புறப்பட்டாள். மேலாளர் மேசையில் திறந்து வைத்து, அவர் அப்போது பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தையே கணினியில் வாங்கி ஓடவிட்டு மூன்று பிழை காட்டினாள். அந்தப் புத்தகம் கைமாறியது மாறியதுதான், அது திரும்பவில்லை. "அடுத்ததுல ஒரு அத்தியாயம் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அது போதும் என்று எழுந்துவிட்டாள்.

நீயும் ஆபீஸ் குழுவில் யாராவது சுருக்கென்று எழுதினால் உடனே பதில் தட்டாதே, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. குளிருக்குக் காதை மூடிக்கொள். இருவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் வாழ எங்கள் ஆசிகள். ஒன்று மறந்துவிடாதே, இனிமேல் எங்கள் காலை நேரத்தில் போன் செய்யாதே. அம்மா வேலையில் இருப்பாள்.

என்றும் உன் நலம் நினைக்கும்,
அப்பா