மிதிக்க மிதிக்க ஏறிய விலை

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, படி ஏறும்போது முழங்கால் மட்டும் முனகுகிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் அதுவே எனக்குப் போதும். போனில் நீ கோபப்பட்டதும் பாதிப் பேச்சிலேயே வைத்துவிட்டேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தபாலில் போட்டால் நாற்காலி ஏலம் முடிந்த பிறகுதான் உன் கைக்கு வரும், எழுதி முடித்ததும் போனில் படம் பிடித்து அனுப்புகிறேன், பிழை இருந்தால் நீயே சரிபண்ணிப் படித்துக்கொள்.

அப்பா போய் நாலு மாதமாகிறது. அவர் சலூன் சாவியை மாதக் கடைசிக்குள் கொடுக்கச் சொல்லிக் கட்டடக்காரர் இரண்டு முறை வந்துவிட்டுப் போனார். கண்ணாடி, மேசை, அலமாரி எல்லாம் போய்விட்டது, காலால் மிதித்து உயர்த்துகிற அந்த முடிவெட்டு நாற்காலி மட்டும் தனியாக நடுவில் நிற்கிறது. நீதான் உன் பேரில் அதை இன்டர்நெட் ஏலத்தில் போட்டு, எனக்கும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தாய். விலையை மாற்றியது நான்தான். முதலில் ஒரு பெண், நாற்காலி சுற்றுமா என்று கேட்டாள், சுற்றும் என்று எழுதிவிட்டு உடனே விலையை ஏற்றினேன். அடுத்து ஒருவர், இடது கைப்பிடியில் ஒட்டுப் போட்டிருந்தாலும் பரவாயில்லை என்றார், மறுபடி ஏற்றினேன். இப்படி ஐந்து தடவை. நாற்காலி மாதிரியே விலையும் மிதிக்க மிதிக்க ஏறுகிறதே என்று ஒருவர் கிண்டலாக எழுதியிருந்தார், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. விலையை இப்படி மாற்றக் கூடாது என்று ஏலக் கம்பெனியிலிருந்து உன் பேருக்கு எச்சரிக்கை வந்ததும் நீ என்னைக் கூப்பிட்டு, "அப்பா சாமானை வெச்சு எதுக்கும்மா இந்தப் பேராசை" என்று கேட்டாய். பேராசை இல்லை பாப்பா. யாரும் வாங்கிவிடக் கூடாது என்றுதான் ஏற்றினேன். விற்க மனசில்லை என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வைத்துக்கொள்ள இடமில்லை என்பது எனக்கும் தெரியும், என் அறையில் கட்டில் போட்டதற்கே கதவு பாதிதான் திறக்கிறது.

இந்த விலைக்கு யார் வரப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன், நேற்று அதற்கும் ஒருவர் கேட்டுவிட்டார். வேறு ஊரில் புதுக்கடை போடுகிறாராம், நாற்காலி ஒன்றுதான் பாக்கியாம். அவர் கேட்ட நிமிடத்திலிருந்து விலைக் கட்டம் பூட்டிக்கொண்டது, ஏற்றவும் முடியவில்லை, இறக்கவும் முடியவில்லை. சந்தை ஏலமாக இருந்தால் இன்றைக்குக் கொடுக்கவில்லை என்று கூடையை மூடிக்கொண்டு வந்துவிடலாம். இது ரத்து செய்வதற்குக் காரணம் கேட்கிறது, பொருள் உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது, விலை தவறு, கேட்டவர் சரியில்லை என்று அவர்களே நாலு எழுதி வைத்திருக்கிறார்கள். என் காரணம் அதில் இல்லை. உடைந்துவிட்டது என்பதன்மேல் விரலைக் கொண்டுபோனேன். உன் அப்பா, முடியைக் கொஞ்சம் கூட வெட்டிவிட்டால் தானே அதைச் சொல்லிக் காசு வாங்காமல் அனுப்புகிற மனிதர். விரலை எடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமையோடு ஏலம் முடிகிறது, அவர் வந்தால் கொடுத்துவிடுகிறேன். நீ முதலில் போட்ட விலைதான் வாங்குவேன், இதை அவருக்கு நீ இப்போதே எழுதிவிடு, பாவம், வட்டிக்கு வாங்கிக்கொண்டு வந்துவிடப் போகிறார். அவர் தூக்குகிற நேரத்தில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றுவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது. அப்போது நீ போனில் இரு, பேச வேண்டாம், லைனில் இருந்தால் போதும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரை விட்டு ஒருவர் பிரியாமல் நெடுநாள் இருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று, இதைப் படித்ததும் அந்த ஏலத்துக்கான பாஸ்வேர்டை மாற்றிவிடு. வெள்ளிக்குள் நான் எப்படிக் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா