மரங்கொத்தியின் கால்

மார்ச் 6
மரங்கொத்தியின் மாதிரி அச்சு வந்தது. பச்சை நன்றாகப் பிடித்திருக்கிறது. ஆனால் கால்? நான் வரைந்தது முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. அச்சில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. யார் கேட்டார்கள் இதை?

மார்ச் 7
அச்சுப் பலகை செதுக்குகிற டென்பாச்சியைத் தவிர வேறு யார்? அவருடைய மருமகனும் பறவை வரைகிறானாம், பதிப்பாளர் குவாபாராவிடம் காட்டுகிறானாம். பன்னிரண்டு பறவைகளின் பட வரிசை எனக்கா இல்லையா என்பது அதற்காக நான் தரும் முதல் இரண்டு படங்களைப் பொறுத்தது. என்னைக் கவிழ்க்கப் பார்க்கிறார்!

நேரில் போய்க் கேட்டேன். பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஒட்டக் கொடுத்ததைத்தான்மா வெட்டினேன். என் கத்திக்குக் கோடுதான் தெரியும், பறவை தெரியாது."

ஓவியத்தின் நகலைப் பலகையில் கவிழ்த்து ஒட்டித்தான் செதுக்குகிறார்கள். தாள் கத்தியோடு போய்விடும். எதைக் காட்டிச் சண்டை போடுவது? நல்ல வசதி அவருக்கு.

மார்ச் 8
கால் உயிரோடு இருக்கிறது என்றாராம் குவாபாரா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவர் கிஹெய்யிடம் புலம்பினேன். என் ஓவியங்களை மெல்லிய தாளில் நகலெடுப்பவர் அவர்தான். முள்ளங்கி ஊறுகாயைக் கடித்தபடி, "விடு, நல்லாத்தானே இருக்கு" என்கிறார். கிஹெய்க்கு எதுவுமே உறைக்காது.

மார்ச் 11
பொறி வைத்தாயிற்று. வாலாட்டிக்குருவிக்கு வேண்டுமென்றே முன்னால் நான்கு விரல் போட்டேன். நகலில் தவறு என்று சாக்குச் சொல்லக்கூடாதே, இந்தத் தடவை நகலையும் நானே எடுத்து டென்பாச்சி கையில் கொடுத்தேன். திருத்தினால் மாட்டினார்.

மார்ச் 19
திருத்தவில்லை.

முன்னால் நான்கு விரல், செர்ரிப் பலகையில், ஆழமாக. நாளை மறுநாள் குவாபாரா பார்க்க வருகிறார். வேணும் எனக்கு, நல்லா வேணும்.

"ஒரு விரல் கூடன்னு தெரியும்மா," என்றார் டென்பாச்சி. "போன தடவை வாங்கிக் கட்டிக்கிட்டதே போதும்னு கை வைக்கலை."

அப்படியானால் மரங்கொத்தி?

வீட்டில் அச்சைப் பார்த்ததும் கிஹெய் தலையில் அடித்துக்கொண்டார். "நகலை என்கிட்ட குடுத்திருக்கலாமில்ல? காலைச் சரி பண்ணித்தானே எப்பவும் அனுப்புறேன்."

எப்பவும்!

மார்ச் 20
டென்பாச்சி பலகையிலிருந்து அந்தக் காலைக் குடைந்தெடுத்துப் புது மரத்துண்டைப் பதித்தார். அதில் ஒட்டக் கால் வரைந்தது கிஹெய், என் கண்முன்னே, கை தயங்காமல்.

பழைய அச்சுகளை என் ஓவியங்களின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கொக்கு, காடை, மீன்கொத்தி. எல்லாவற்றிலும் கால் கொஞ்சம் மாறியிருக்கிறது. மரங்கொத்தியில்தான் மனுஷன் எல்லை தாண்டிவிட்டார். கோயில் தோப்பில் உட்கார்ந்து பார்த்தாராம், இரண்டும் இரண்டும்தானாம். சே, நான் பார்த்தேனா?

டென்பாச்சிக்கு மோச்சி அரிசி உருண்டை வாங்கிப் போனேன். சந்தேகமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தின்றார்.

மார்ச் 21
வரிசை எனக்குத்தான். கால்களுக்காகவே கொடுப்பதாகச் சொன்னார் குவாபாரா. குனிந்து வணங்கினேன், வாயைத் திறக்கவில்லை. கிஹெய் பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

குவாபாரா போனதும் கிஹெய்யிடம் கேட்டேன். "ஒரு வார்த்தை சொல்லிட்டுத் திருத்தக் கூடாதா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 2
ஆந்தையை முடித்தேன். கால் வருகிற இடத்தை வெறுமையாக விட்டுத் தாளைக் கிஹெய்யின் மேசையில் வைத்தேன். கீழே ஓவியர் பெயரும் இன்னும் போடவில்லை.