ஜூலையில் பூட்டிய கடை

மே 6
எங்கள் ஊர் வார்டோ துறைமுகத்தில் இன்று ஒரு பெரிய பதாகை. செயற்கைக்கோள் போன், மாதம் தொண்ணூற்றொன்பது குரோனர், பேச்சு இலவசம், எப்போது வேண்டுமானாலும் விலகலாம். லண்டன் கம்பெனியாம். படகுகளுக்கு அதே போனைப் பதினொரு வருஷமாக நான் மாதம் அறுநூறுக்கு வாடகை விடுகிறேன், பேசும் நிமிஷத்துக்குத் தனி. எனக்குப் பேச்சு நிமிஷம் விற்கிறவரிடம்தான் அவர்களும் அதே விலைக்கு வாங்குகிறார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் அவர்களுக்குக் கைநஷ்டம். தெரிந்தேதான் செய்கிறார்கள் — நான் மூடும்வரை.

மே 14
படகுக்காரன் குட்மண்ட் போனைத் திருப்பிக் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு நாங்கள். "பேட்டரி சரியில்ல, சோல்ஃப்ரிட்" என்றான். போட்டுப் பார்த்தேன், முழு சார்ஜ்.
"உன் மூஞ்சிதான் சரியில்ல."
ஒரு கேக் துண்டை மேஜையில் வைத்துவிட்டு ஓடிவிட்டான். துரோகத்துக்குக் கேக்!

ஜூன் 3
முப்பத்தொரு போன் திரும்பி வந்து அலமாரியில். வெளியே நான்கு. வக்கீலைக் கேட்டேன். "நஷ்டத்துக்கு விக்கிறாங்கன்னு நிரூபிக்க அவங்க கணக்கு வேணும். குடுப்பாங்களா?" என்கிறார். நல்ல ஆளைப் பிடித்தேன்.

ஜூன் 27
கம்பெனி ஆள் பெவரிட்ஜ் 'சும்மா' வந்தார். கண் முழுக்க அலமாரியில்.
"வியாபாரம் கஷ்டமா இருக்குங்களா?"
"நாளைக்கு மழையாம்" என்றேன்.

ஜூலை 5
வழக்கம்போல மூன்று வாரம் விடுமுறை. நார்வேயில் ஜூலை மாதம் யார்தான் திறந்து வைத்திருப்பார்கள்? திறக்கும் தேதி போடாத அதே பழைய 'மூடப்பட்டது' பலகையை மாட்டி, திரையை இழுத்துவிட்டேன். திரும்பத் திறப்பேனா? எனக்கே தெரியவில்லை.

ஜூலை 19
மலைக்குடில். அழுகை வந்தது, அழுதேன். பிறகு தூண்டில் போட்டேன். மீன் வரவில்லை.

ஜூலை 26
கடை வாசலில் வரிசை! முதல் ஆள் குட்மண்ட்.
"அடுத்த மாசத்துலேர்ந்து தொள்ளாயிரமாம்! நீ கடையையே மூடிட்டேன்னு பெவரிட்ஜ் லண்டனுக்கு எழுதிட்டான்."
"லீவு பலகைடா அது!"
"நமக்குத் தெரியும். அவனுக்கு யாரு சொல்றது?"
வயிறு வலிக்கச் சிரித்தேன். 'எப்போது வேண்டுமானாலும் விலகலாம்' பதாகை இன்னும் துறைமுகத்தில் தொங்குகிறது; அதன்படியே எல்லாரும் விலகி வந்திருக்கிறார்கள்.
"பேட்டரி சரியில்லாத போன்தான் இருக்கு, பரவாயில்லையா?" என்றேன். அவன் காது சிவந்துவிட்டது.

ஆகஸ்ட் 9
நான் திறந்தது தெரிந்து கம்பெனி மறுபடியும் தொண்ணூற்றொன்பது. போச்சு.

ஆகஸ்ட் 12
குட்மண்ட் வந்தான். போனைத் திருப்பித் தரத்தான் வந்திருக்கிறான் என்று கையை நீட்டினேன். கையில் அறுநூறை வைத்தான்.
"பேசப்போறது அவன் போன்ல. வாடகை மட்டும் உனக்கு. படகுக்காரங்க எல்லாரும் கூடி முடிவு பண்ணிட்டோம்."
"பேசாத போனுக்கு எதுக்குடா வாடகை?"
"நீ இருக்கிற வரைக்கும்தானே அவன் தொண்ணூத்தொம்பதுல இருப்பான்! ரெண்டையும் சேர்த்தாலும் தொள்ளாயிரத்தைவிடக் கம்மி."
இவனை அடிப்பதா, கட்டிப்பிடிப்பதா? முதலில் அடித்தேன்.
அடுத்த ஜூலைக்கும் அதே பலகைதான். திறக்கும் தேதியை எழுதப்போவதில்லை; பெவரிட்ஜ் மறுபடி லண்டனுக்கு எழுதட்டும்.