பற்றிக்கின் படத்துக்கு விழுந்த மாலை

2007 அக்டோபர் 20
நூலகத்தில் வாசிப்பு நிகழ்ச்சி வைக்கப் போகிறோம். இந்த நாட்டு முன்னாள் படைவீரர்கள் தங்கள் அனுபவத்தை வாசிப்பார்கள், இங்கே குடியேறிய நம் தமிழ் ஆட்கள் கேட்பார்கள். பொறுப்பு என் தலையில். கூட்டத்தில் நான் கையைத் தூக்கியது தலை சொறிய. நூலகர் மாக்கிரட் என் பெயரை எழுதிவிட்டாள்.

அக்டோபர் 27
வில்லரே பற்றிக் என்பவர் வாசிக்கச் சம்மதித்தார். முப்பது வருடத்துக்கு முன் சைப்பிரஸில் ஐ.நா. அமைதிப்படையில் இருந்தவர். கூட இருந்த லூக் அங்கேயே இறந்துபோனான். எப்படி என்று லூக்கின் தங்கை இன்னும் கேட்கிறாளாம். இவர் வாய் திறக்கவில்லை.
"எழுதிவிட்டேன். வாசிக்க முடியுமா தெரியாது. முடிந்தால் அவளுக்கும் சொல்லுவேன்."
இருவரும் சீருடையில் நிற்கும் படம் தந்தார். இளமையில் பற்றிக் நல்ல வடிவு. (இந்தப் பக்கத்தை என் கணவர் பார்க்கக்கூடாது.)

நவம்பர் 9
அலங்காரம் அருமைராசா அண்ணை. கலியாணமோ செத்தவீடோ, எங்கள் ஆட்களுக்கு அவர்தான். "படத்தைப் பெருசாக்கி வையுங்கோ அண்ணை" என்றேன்.
"நீ யோசிக்காதை பிள்ளை."
அதற்குப் பிறகுதான் யோசிக்கிறேன்.

நவம்பர் 10
ஐயோ! நிகழ்ச்சிக்குப் போனால் படத்துக்கு மாலை, முன்னால் பற்றரி விளக்கு. சனம் வரிசையில் நின்று பூப்போட்டுக் கும்பிடுகுது. வாசிப்புக் கேட்க வந்த செல்வமலர் மூக்கை உறிஞ்சியபடி, "பாவம், ரெண்டும் என்ன வடிவான பெடியள்!"
"அண்ணை, உயிரோட இருக்கிற மனிசனுக்கு மாலை போட்டிட்டியளே!"
"படத்தைத் தந்தா வேறென்ன செய்யிறது? ஆர் இருக்கினம், ஆர் இல்லையெண்டு நீயெல்லோ சொல்லியிருக்கவேணும்!"
கழற்றக் கை வைக்கிறேன் — வாசலில் பற்றிக். ஏன் கழற்றுகிறாய் என்றார். நல்ல பொய் ஒன்றும் வரவில்லை. இறந்தவர்களின் படத்துக்குத்தான் மாலை போடுவோம் என்றேன். வந்த வழியே போய்விடுவாரோ?
படத்தைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு மாலையை இழுத்து லூக்கின் பக்கம் மட்டும் தொங்கவிட்டார்.
"இவனுக்கு இப்படி யாரும் செய்ததில்லை."
நின்றபடியே வாசித்தார், பிரெஞ்சில். நான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசிப் பந்தி வந்ததும் தமிழை விட்டுவிட்டு நானும் சனத்தோடு கேட்டுக்கொண்டு நின்றேன். ஒருவரும் தமிழ் கேட்கவுமில்லை.

நவம்பர் 11
பக்கத்துவீட்டுக்காரி கேட்டாள், "நேற்று என்ன, நூலகத்தில செத்தவீடாமே?"

நவம்பர் 17
பற்றிக் கூப்பிட்டு லூக்கின் தங்கை நூலகத்துக்கு வந்தாள். நரைத்த தலை, பெரிய கம்பளிக் கோட்டு. பற்றிக் ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். அருமைராசா அண்ணை கேட்காமலே தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறையில் புத்தகம் அடுக்கினேன்.
ஒட்டுக்கேட்கவில்லை. நானா!